ஒரு குடை, இரண்டு பேர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் பாப்பாவின் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காப்பகத்துப் பிள்ளைகளின் ஓரடி உயர நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து எழுந்தால் அதுவும்தான் என்ன செய்யும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிப்பகத்து அம்மா என் வரிகளை எடுத்துக்கொண்டார். நாலு புத்தகம்: வெயில், காற்று, மழை, பனி. ஒவ்வொன்றிலும் எட்டுப் படம், எட்டு வரி. கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டை, குத்தாத வட்ட மூலை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. "படம் யார் போடப்போறாங்க?" என்று கேட்டார். என் தம்பி என்றேன். "சொந்தக்காரங்கன்னாலே எனக்குப் பயம்" என்றார். நீ முன்பு அனுப்பிய பென்சில் படங்களைக் காட்டினேன். பயம் தெளிந்தது.

ஆனால் அவர் கையில் ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது. "பொன்னான வெயில் வந்தது" என்று எழுதியிருந்தேன். 'பொன்னான' என்பதை அடித்துவிட்டு, "ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பொன் எதுக்கு? வெயில் போதும்" என்றார். அன்று முதல் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். நமக்குள் மட்டும்.

பாடப்புத்தகத்துக்குப் பல்லும் வேரும் வரைந்து வரைந்து உனக்கு அலுத்திருக்கும். இதில் உயிருள்ள ஒரு பிள்ளையை வரை. நாலு புத்தகத்திலும் ஒரே பிள்ளை வரவேண்டும். நீ வெளியே தேடவும் வேண்டாம், வீட்டிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே.

பாப்பா இப்போது என்னென்ன பேசுகிறாள்? போன வருஷம் நீங்கள் வந்தபோது என் மூக்கைத் தொட்டு 'மணி' என்றாளே, ஏன் மணி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவள் பேச்சை எழுது. போனில் நாம் வெயில் அதிகம், தண்ணீர் குறைவு என்று பேசி வைத்துவிடுகிறோம். கடிதத்தில்தான் நமக்கு வாய் திறக்கிறது. காப்பகத்தில் பகலெல்லாம் பிள்ளைச் சத்தம். வீட்டுக்கு வந்தால் குக்கர் சத்தம்தான். அதனால் நீட்டி எழுது.

வெயில் வரிகள் இத்துடன்.

அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் வரிகளும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை மற்றவர்களுக்குச் சொல்வதோடு சரியா?

வரிகள் பிடித்திருக்கின்றன. 'நான் நடந்தேன். நிழல் நடந்தது. நான் நின்றேன். நிழல் நின்றது.' இந்த இடத்தில் பென்சில் தானாக ஓடியது. எட்டுப் படத்தையும் சாம்பல் நிறத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன், வண்ணம் பிறகு. கத்தரிக்கோலிடம் கொடுப்பதற்கு முன்னால் உன் ஆட்களிடம் காட்டு. அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

பாப்பாவைக் கேட்டிருந்தாய். நேற்றுச் சாயங்காலம் சுவரில் தன் நிழலைப் பார்த்துவிட்டு, "அது நானு. நானு பெரிசு" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அவள் அம்மாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை அதிகம். உன்னை விசாரித்தாள். தனியாக எழுத நேரம் கிடைப்பதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூவரின் நலம் அறிந்து சந்தோஷம். ஒத்தடம் இரண்டு நாள் கொடுத்தேன், மூன்றாம் நாள் மறந்தேன்.

உன் படங்களைத் தரையில் பரப்பி எல்லோரையும் கூப்பிட்டேன். எலி என்று ஒருத்தி இருக்கிறாள், ஒன்றரை வயது. எது கிடைத்தாலும் ஓரத்தை மெல்லுவாள். மூன்றாம் படத்தின் ஓரம் போயிற்று. அவள் பிடிக்காததை மெல்லமாட்டாள், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள். இன்னொருத்தி நீதிபதி. இரண்டே கால் வயது. யார் எதைக் காட்டினாலும் புருவத்தைச் சுருக்கி நீண்ட நேரம் பார்ப்பாள். வக்கீல்கள் வாதாடி முடித்ததைப் போல ஒரு மௌனம். பிறகு நிழல் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "சூடு" என்றாள். தம்பி, சாம்பல் நிறப் படம் அது. அதில் அவளுக்குச் சூடு தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் உனக்கு என்ன பரிசு வேண்டும்.

'நானு பெரிசு' என்று பாப்பா சொன்னதை எங்கள் சமையல்காரம்மாவிடம் சொன்னேன். கரண்டியோடு நின்று சிரித்தார். இப்போது யாராவது நிமிர்ந்து நடந்தால், "அது நானு, நானு பெரிசு" என்கிறோம். உன் வீட்டுப் பேச்சு இங்கே புழங்குகிறது.

கத்தரிக்கோலுக்கும் படம் பிடித்துவிட்டது. ஒரே குறை. "பெரியவங்க யாரையும் காணோமே? வெயில்ல பிள்ளையைத் தனியா விட்டுட்டு எல்லாரும் எங்க போனாங்க?" என்றார். அடுத்த புத்தகத்தில் ஒரு கையாவது காட்டச் சொன்னார்.

மே மாதம் காப்பகத்துக்குப் பத்து நாள் விடுமுறை. நீங்கள் மூவரும் வாருங்கள். மேல் அறையைக் கழுவி வைக்கிறேன். காற்று வரிகள் இத்துடன்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. மேயில் வர முடியாமல் போயிற்று. பாடப்புத்தக வேலை கழுத்தை நெரித்தது: ஆறாம் வகுப்புக்கு ஒரு இதயம், ஏழாம் வகுப்புக்கு இரண்டு நுரையீரல். நீ அறையைக் கழுவிக் காத்திருந்தாய் என்பது தெரியும்.

காற்றுப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். 'காற்று என் தொப்பியைக் கேட்டது. நான் கொடுக்கவில்லை.' இது நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கை கேட்டார்களே, கதவுப் படத்தில் வைத்திருக்கிறேன்.

பாப்பா நலம். ஜன்னல் திரை ஆடியதைப் பார்த்து, "காத்து ஓடுது. புடி" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் எப்படி? உன் கடிதம் ஒரு தாளின் பாதியில் முடிந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் வெறுமை.

திருப்பிப் பார்ப்பது என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றுப் படங்களை நீதிபதியிடம் கொடுத்தேன். தொப்பிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளை அப்படியே மறுபக்கம் திருப்பினாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம், மறுபடி பின்பக்கம். "என்னம்மா தேடுற?" என்றேன். "மூஞ்சி" என்றாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். எட்டுப் படத்திலும் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வெயில் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவற்றிலும் அப்படித்தான். பின்னந்தலை, காது, பாதிக் கன்னம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வாசகர்களுக்கு முகம் வேண்டும். முகத்துக்குத்தான் முத்தம் கொடுப்பார்கள், முகத்தைத்தான் கடிப்பார்கள். அப்புறம் அந்தக் கதவுக் கை. விரல் நுனிகள் மட்டும்தான் கதவோரத்தில் தெரிகின்றன. உள்ளே வரும் கையா, வெளியே போகும் கையா? கத்தரிக்கோல் கேட்டார். நீயே சொல்.

இங்கே இது பிரியும் மாதம். மூன்று முடிந்த பிள்ளைகள் ஐந்து பேர் போன வாரம் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒருத்தியை நேற்றுக் கடைத்தெருவில் பார்த்தேன். நான் சோறு ஊட்டிய பிள்ளை. அம்மா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "டீச்சர்டா, தெரியலையா?" என்று அந்த அம்மா வெட்கப்பட்டாள். நான், "விடுங்க, அதுக்கு இப்ப வேற வேலை இருக்கு" என்றேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு அக்டோபரில் மூன்று முடிகிறதே, ஒரு கவுன் தைத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். தோளிலிருந்து முழங்கால்வரை அளவெடுத்து எழுது. மழை வரிகள் இத்துடன். ஆறாவது வரியைக் கவனி: 'ஒரு குடை. இரண்டு பேர்.' இந்த இடத்திலாவது ஒரு பெரிய ஆள் முழுசாக வரட்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே.

மழைப் படங்கள் இத்துடன். குடைப் படத்தில் பிள்ளையோடு ஒரு நாய்க்குட்டியைப் போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு நாய் பிடிக்கும்.

கவுனுக்குப் புது அளவு எதற்கு. போன வருஷம் நீ தைத்துக் கொடுத்தாயே, அதே அளவு சரியாக இருக்கும்.

பாப்பா மழையைப் பார்த்து, "தண்ணி விழுது. எடு" என்றாள்.

தம்பி

*

செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிறேன். இந்த முறை அதற்கு உண்மையான பதில் வேண்டும்.

கத்தரிக்கோல் குடைப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "ரெண்டு பேர்னு எழுதியிருக்கு. நாயை ஆள் எண்ணிக்கையில சேக்க முடியாது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அது கிடக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். வேறு எதிலும் என்னை ஏமாற்றலாம். இதில் முடியாது. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்த கவுன் மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேல் நாலு விரல் ஏறி நிற்கும், கையும் நுழையாது. மார்ச்சில் 'நானு பெரிசு' என்ற பிள்ளை, ஆகஸ்டில் 'தண்ணி விழுது, எடு' என்று சொல்லாது. அது அதற்குள் நீளமாகப் பேசும், பொய் சொல்லும், சண்டை போடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏன் என்று கேட்கும். தண்ணி ஏன் விழுது, ஏன் மேலே போகல, நீ ஏன் சிரிக்கிற, ஏன் சும்மா இருக்க. அந்த வீட்டில் இருப்பவர்களுக்குக் காது புளித்துப்போகும்.

மூன்று வயதை எட்டும் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து இத்தனை மாதமாக எனக்கு ஒரு 'ஏன்' கூட வரவில்லை, தம்பி.

பாப்பா எங்கே?

அக்கா

*

அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுத ஐந்து தடவை உட்கார்ந்தேன். நீ பயந்துபோயிருப்பாய் என்று தெரிந்தும் எழுதாமல், உன் போனையும் எடுக்காமல் இருந்தேன். முதலில் இதைச் சொல்கிறேன்: பாப்பா நன்றாக இருக்கிறாள். ஒரு குறையும் இல்லை. என்னோடு இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் அவள் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இங்கிருந்து பேருந்தில் நாலு மணி நேரம். "நீங்களும் வாங்க. படம் எங்க இருந்தும் வரையலாமே" என்றாள். பார்க்கலாம் என்றேன். அதற்கு முந்தைய ஒரு வருஷமும் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் பாப்பா என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் ஒரு குழந்தையின் கையை வரைந்துகொண்டிருந்தேன். அதற்கு ம் கொட்டியதுகூட நினைவில்லை. அவள் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நீங்க தாள்ல இருக்கிற பிள்ளையைத்தான் பாக்குறீங்க. இது அரை மணி நேரமா கூப்பிட்டுட்டு இருக்கு" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நிமிர்ந்திருப்பேனோ என்னவோ. மாற்றல் வந்த வாரம் இருவரும் கிளம்பினார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துவரை போனேன்.

பிப்ரவரியில் ஒருமுறை பார்க்கப் போனேன். ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பாப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவசரப்பட்டு அவளைக் கையில் வாங்கினேன். அலறினாள். அன்று முழுக்க நான் பார்த்தது அவள் முதுகைத்தான். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. அவள் அம்மா இரண்டு கடிதம் போட்டாள். பதில் போடவில்லை.

அடுத்த மாதம் உன் கடிதம் வந்தது, பாப்பா பேச்சை எழுது என்று. அவள் முன்பு சொன்னவற்றில் கொஞ்சம், நானே கட்டியது கொஞ்சம். எழுதுகிறபோது அவள் வீட்டில் இருப்பது போல இருந்தது. முகம் ஏன் வரையவில்லை என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த முகம் ஜனவரி மாதத்து முகம். இப்போது அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இந்த மாதம் பதினேழாம் தேதி அவளுக்கு மூன்று முடிந்தது. நான் நுரையீரல் வரைந்துகொண்டிருந்தேன்.

தம்பி

*

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா நலமாக இருக்கிறாள் என்ற வரியைத்தான் முதலில் தேடிப் பிடித்தேன். ஆறு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு உன்னை இன்னொரு நாள் திட்டுகிறேன்.

இன்று என் பங்கைச் சொல்ல வேண்டும். எனக்கு இது செப்டம்பரில்தான் தெரிந்தது என்பதில்லை. ஜூனில், 'காத்து ஓடுது, புடி' என்று வந்ததே, அப்போதே மனசில் தட்டியது. இந்தப் பிள்ளை வளரவில்லையே என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் கடிதத்தில் பாப்பா வருவது நின்றுவிடுமே என்று கேட்கவில்லை. சமையல்காரம்மா, "பாப்பா என்ன சொல்லுச்சு?" என்று வாரம் தவறாமல் கேட்பார். சொல்ல எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மூன்று மாதம் உன் பொய்யை வைத்து நானும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆகவே உன்னைக் கூண்டில் ஏற்ற எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் ஒன்று. என்னை மறந்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு நான் யாரும் இல்லை. அவர்கள் மறப்பதுதான் சரி. நீ அப்படி இல்லை. ஐந்து வாரத்தில் முகத்தைத் திருப்பியது கோபம். நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்க அவளிடம் வார்த்தை இல்லை, முதுகுதான் இருந்தது. அந்தக் கோபம் இருந்தவரை நீ அவளுக்கு அப்பாதான். இப்போது ஒன்பது மாதம் ஆயிற்று. கோபமும் போயிருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

போ. முதலில் அவள் அம்மாவுக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் போ. போனதும் தூக்காதே. "என்னைத் தெரியுதா?" என்று கேட்காதே, எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கேள்வி பிடிக்காது. தரையில் உட்கார். வெயில் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது, ஒன்றை எடுத்துப் போ. நீ பிரிக்காதே, பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இரு. அழாதே. அழுதால் அவள் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அது அவள் வேலை இல்லை.

அவர்கள் முகவரியை உடனே அனுப்பு. கவுனை நானே அனுப்புகிறேன், என் கண்ணளவில்.

அக்கா

*

நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

பார்சல் வந்தது. கவுன் அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. பார்க்காமலே எப்படித் தைத்தீர்கள் என்று தெரியவில்லை. கழற்றமாட்டேன் என்று அதிலேயே தூங்கினாள்.

உள்ளே இருந்த உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு இந்த மாதம்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் ஒரு வரி எழுதவில்லை, தம்பி பக்கம் நின்றுவிட்டீர்கள் என்று. அதனால்தான் நானும் எழுதவில்லை. பத்து மாதம் உங்கள் மேல் மனத்தாங்கலோடு இருந்தேன். அதற்கு மன்னித்துவிடுங்கள்.

அவரிடமிருந்தும் கடிதம் வந்தது. சமாதானம் எதுவும் சொல்லவில்லை, வரலாமா என்று மட்டும் கேட்டிருந்தார். சனிக்கிழமை வரட்டும் என்று எழுதிவிட்டேன். எனக்கு உடனே எதுவும் மாறிவிடாது, அண்ணி. வேலை, வீடு, பிள்ளை என்று தனியாகப் பழகிவிட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது, சில நாள் ரொம்ப அமைதியாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அவர் வேண்டும். அவரை நினைவிருக்கிறதா என்று நான் அவளிடம் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

பாப்பா 'ஏன்' கேட்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் பதினோரு தடவை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா

*

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். நீ சொன்னபடியே செய்தேன். தூக்கவில்லை, கேட்கவில்லை, தரையில் உட்கார்ந்தேன்.

வளர்ந்திருக்கிறாள் என்று எழுதினால் அது ஒரு சொல்தான். அக்கா, கன்னம் வடிந்து தாடை தெரிகிறது. முன்பு நெற்றியில் சுருண்டு கிடந்த முடி இப்போது ரிப்பனுக்குள் போய்விட்டது. முன்பல் ஒன்றின் மூலை உடைந்திருக்கிறது, எப்போது விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. வீதியில் எதிரே வந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

அழவில்லை, ஒளியவும் இல்லை. நீ பயந்தது சரிதான், கோபம் இல்லை. நன்றாக வளர்ந்த பிள்ளை விருந்தாளியிடம் நடந்துகொள்வது போல நடந்துகொண்டாள். "உங்க செருப்புல மண்ணு இருக்கு. வெளிய விடுங்க" என்றாள். விட்டேன். "நீங்க ஏன் எங்க வீட்டுக்கு வந்தீங்க?" என்றாள். உன்னைப் பார்க்க என்றேன். "ஏன்?" பார்க்கணும் போல இருந்தது என்றேன். "ஏன் இருந்துச்சு?" புத்தகத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புத்தகத்தை அவளே எடுத்துப் பிரித்தாள். நிழல் பக்கத்தைக் காட்டி, "இது சின்னப் பாப்பா. இதுக்குப் பேசத் தெரியாது, நான்தான் சொல்லித் தரணும்" என்று எட்டுப் பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டினாள். நீ எழுதிய ஒரு வரியும் அதில் இல்லை. அது தானென்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மணிப் பேருந்துக்குக் கிளம்பினேன். படி இறங்கும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. "அம்மா, அந்த மாமா மறுபடி வருவாங்களா?"

வருவார்கள் என்று அவள் அம்மா சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

தம்பி

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பேருந்து நிலையத்து இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். நான் நலம். முழங்காலுக்கு டாக்டரிடம் போனாயா? உன் டிசம்பர், ஜனவரிக் கடிதங்கள் கிடைத்தன. இரண்டிலும் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய், 'மாமா' பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ அதை மனசில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகிறேன். இன்று ஆறாவது முறை. இரண்டாம் முறை அவள் அம்மா, "இது அப்பாடா" என்று சொல்லிவிட்டாள். பாப்பா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதன் பிறகு 'மாமா' நின்றது, 'அப்பா' வரவில்லை. எந்தப் பெயரும் இல்லாமல், "இங்க பாருங்க", "இதைப் பிடிங்க" என்றே நடந்தது. அவள் அம்மாவும் நானும் காபி குடிக்கிறோம், பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அதைத் தாண்டி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

குடைப் படத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். நாயை எடுத்தாயிற்று. ஒரு ஆள் இருக்கிறான், குடை முழுக்கப் பிள்ளைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவன் தோள் நனைகிறது. பனிப் புத்தகத்தில் பிள்ளைக்கு முகம் வைத்தேன், எட்டுப் படத்திலும். கத்தரிக்கோல், "முதல் புத்தகத்துல இருந்ததைவிடப் பிள்ளை பெரிசாயிடுச்சே" என்று கேட்டதாகவும், "வெயில் போய்ப் பனி வந்தாச்சு, பெரிசாகாம என்ன செய்யும்?" என்று நீ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார் என்று படித்தபோது சிரித்தேன்.

இன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இருவரும் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தோம். அவள் ஒரு பேருந்து வரைந்தாள், பதினான்கு சக்கரம். நான் பென்சிலைத் தொடவில்லை, அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. மணி நாலை நெருங்கியது. எழ மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், மணி பார்க்கத் தெரியாது, பெரியவர்களைப் போலச் சும்மா பார்த்தாள். பிறகு என் தோளை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, "எந்திரி. பஸ் போயிரும். நீ போ" என்றாள்.

வந்த நாள் முதல் 'நீங்க' என்றவள். சொன்னதை அவள் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற அவள் அம்மா கவனித்தாள்.

பேருந்து இன்னும் வரவில்லை. போ என்றுதான் சொன்னாள், அக்கா. ஆனால் 'நீ போ' என்றாள். முன்பெல்லாம் நான் படங்களைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வாள்.

தம்பி